முயலுக்குப் போட்ட பட்டாணிக் கோது

அன்பு மகளுக்கு,

கலியாணப் பேச்சில் என்னோடு கோபித்துக்கொண்டு டிரெஸ்டனுக்குப் போனபோது நீ விட்டுச்சென்ற முயல் பிழைத்துவிட்டது. எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்தில் பட்டாணி பறித்து முடிந்தது. உரித்த கோதையும் பச்சைக் கொடியையும் வீணாக்குவானேன் என்று, சம்பந்திக்குப் பரிமாறுவதுபோல ஒரு வாளி நிறையப் போட்டேன். மறுநாள் அதன் பின்பக்கம் முழுக்கப் பச்சைக் களி. அப்பப்பா, அந்த நாற்றம்! மிருக வைத்தியப் பெண்மணி முகத்தைச் சுளித்தார், முயலைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. கொடியைக் காயவைத்து, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டுமாம். களி நிற்கும்வரை தினமும் இரண்டு தடவை வெந்நீரில் கழுவிவிட வேண்டுமாம்.

உன் அம்மாவைப் பார்த்தேன்.

“என்னைப் பாக்காதேங்கோ. போட்டது ஆர்? நீங்களே கழுவுங்கோ.”

கழுவினேன். துடைத்து விட்டதுமே அது குனிந்து, தன் புழுக்கையைப் பின்னாலிருந்தே வாயில் எடுத்து மென்றது. முயல்களுக்கு அது வழக்கமாம். துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

அம்மா சிரித்தாள். “பெத்த பிள்ளைக்கு ஒருநாள் கழுவினதில்லை. அவள் கக்கா இருந்தால் பல்கனிக்கு ஓடின மனுசன்!”

உண்மைதான். ஆனால் உன் புருசனைப் பற்றி அன்று நான் சொன்னதைவிட இந்த முயல் நாறவில்லை.

பேரனுக்கு மூன்று மாதம் என்று அம்மாவின் போனில் ஒளித்துப் பார்த்தேன். அவனைக் கழுவ ஆள் தேவையென்றால் ஒரு வரி எழுது, வருகிறேன். கதவைத் திறப்பது மருமகன் என்றால், அவரிடம்தான் முதலில் பேசுவேன்.

கை மணக்கும்
உன் அப்பா