மிஸ்டு கால் போதாது

மஹல்லா,
வெள்ளிக்கிழமை

என் கண்ணு ரீஹாமுக்கு, பாபா எழுதுவது. உன்மேல் இறைவனின் அமைதியும் அருளும் இறங்கட்டும். இங்கே அம்மாவும் தம்பியும் நலம், நான் நலமில்லை, நீ நலமா என்று சடங்குக்குக் கேட்கப்போவதும் இல்லை. போனில் கேட்டால் "நல்லாருக்கேன் பாபா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் நீ படிக்கும் அஸ்வானுக்கு வரும் உன் மாமாவிடம் இந்தக் கடிதத்தையும் அம்மா சுட்ட ரொட்டியையும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அறைத்தோழி பஸன்த் உன் அம்மாவுக்குப் போன் செய்தாள், அவளைத் திட்டாதே. பரீட்சையில் எழுத முடியாமல் பாதியில் எழுந்து வந்தாயாம், குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு எவ்வளவு தட்டியும் திறக்கவில்லையாம். "எங்களுக்கு அழுகை வந்தா ரீஹாம் கட்டிலுக்குத்தான் ஓடுவோம் ஆன்ட்டி, அவ அழுதா என்ன பண்றதுன்னு எங்க யாருக்கும் தெரியல" என்றாளாம். அன்று மாலையும் உன் மிஸ்டு கால் வந்தது. வழக்கம்போல் ஒருமுறை மணி அடித்து நின்றது, பிள்ளை பத்திரம் என்று நாங்களும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். ஆலையில் கொதிகலன் முன் நிற்பவன் நான், அழுத்தம் காட்டும் முள் ஏறினால் பயப்படமாட்டேன், இறங்கினாலும் மாட்டேன், அசையாமல் ஒரே இடத்தில் நின்றால்தான் எனக்கு வியர்க்கும், முள் சிக்கிவிட்டது என்று அர்த்தம், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. உன் மாலை மணி அப்படி ஆகிவிட்டது.

உன் அம்மாவுக்குக் கோபமோ பயமோ வந்தால் பால்கனியில் நின்று எதிர்வீட்டு ஹானியின் அம்மாவிடம் தெருவே கேட்கக் கொட்டுவாள், பிறகு கூடையைக் கயிற்றில் இறக்கி வெங்காயம் வாங்கிக்கொண்டு பாடியபடி உள்ளே வருவாள். ரேடியோ நின்னுச்சா என்று கிண்டல் செய்வேன். நேற்று திருப்பிக் கொடுத்தாள், "நீயும் உன் பொண்ணும் மூடிவெச்ச குக்கர், வெடிச்சா சுவரைத் துடைக்கிறவ நான்தான்" என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றவர்கள் அழுகையைக் கேட்காதே என்று சொல்லவில்லை, உன்னுடையதையும் யாரிடமாவது கொடு. உன் பயத்தின்மேல் தன் பயத்தை ஏற்றிவைக்கிறவளிடம் போகாதே, யாரிடம் பேசி எழுந்தபின் உனக்குப் பசிக்கிறதோ அவளிடம் போ. பஸன்த் அப்படிப்பட்டவள் என்று தோன்றுகிறது. கல்லூரி மருத்துவரையும் பார், இதில் வெட்கம் வேண்டாம். பரீட்சை கிடக்கட்டும், மறுபடி எழுதலாம்.

இறைவன் உன்னைத் தன் கையிலேயே வைத்திருக்கட்டும். ஒன்றை மறக்காதே. இனி ஒரு மணியில் துண்டிக்காதே, நான் எடுக்கும்வரை அடிக்கட்டும். எடுத்ததும் நல்லாருக்கேன் என்று சொல்லாதே. பேச வராவிட்டால் அழு, நான் வைக்கமாட்டேன்.

போனைக் கையில் பிடித்தபடி,
உன் பாபா ரகப்