நாற்பத்தோராம் பக்கம்

சிதம்பரம்
9.8.2009

அன்புள்ள அறிவுமதிக்கு,

இங்கு நலம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. நீ மறந்துவிடுகிறாய்.

என் ஆய்வேட்டை ரயிலில் வரும் பொன்னுரங்கம் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முனைவர் பட்டம் வந்தால்தான் கல்லூரி வேலை நிரந்தரம். எம்.எஸ்ஸியில் முதலாவதாக வந்தவள் நீ, பிழை உன் கண்ணுக்குத் தப்பாது. கல்யாணமாகி நாலு வருஷம் அடுப்படியில் இருந்ததில் மறந்திருப்பாய் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 0, 1 என்று முடிவில்லாமல் ஓடும் ஒரு சொல். ஒவ்வோர் இடத்திலிருந்தும் மீதிச் சொல்லை எடுத்து, அகராதியில் பார்ப்பதுபோல எது முந்தும் என்று பார்த்து இடங்களை அடுக்கினால் முடிவில்லாத வரிசைமாற்றம் ஒன்று கிடைக்கும். சொல்லின் ஒரே துண்டு எங்கே திரும்ப வந்தாலும் அதன் இடங்களின் வரிசையும் மாறாது. இது நாற்பத்தோராம் பக்கம். மீதி எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று. ஆராய்ச்சியில் சேர நீ போட்ட விண்ணப்பத்துக்கு நேர்காணல் கடிதம் என் அறைக்கு வந்தது. நீ வரவில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவை யார் பார்ப்பது? கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
தில்லைநாதன்

கடலூர்
16.8.2009

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு வீக்கம் வடிந்துவிட்டது. அந்த விண்ணப்பத்தை மூன்று வருஷம் யோசித்துப் போட்டேன். போகட்டும், கோபமில்லை.

முழுவதும் படித்துவிட்டேன். எழுத்துப் பிழை ஏழு, பென்சிலால் திருத்தியிருக்கிறேன். நிரூபணங்களில் கைவைக்க ஒன்றுமில்லை. தைரியமாகக் கொடுங்கள். முந்திரி கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அறிவுமதி

சிதம்பரம்
20.6.2010

அன்புள்ள அறிவு,

எல்லாம் போய்விட்டது. நேற்று வாய்மொழித் தேர்வில் பரீட்சகர் என்னைப் பலகையில் 010 என்று எழுதச் சொன்னார். பின்னால் 0 வந்தால் மூன்றாம் இடம் முதலிடத்தை முந்துகிறது. 11 வந்தால் முதலிடம்தான் முந்துகிறது. துண்டு ஒன்று, வரிசை இரண்டு. நாற்பத்தோராம் பக்கமே தப்பு. என் மாணவர்கள் எதிரிலேயே நின்றேன். "இத யாருமே படிச்சுப் பாக்கலியா?" என்று கேட்டார். என் மனைவி பார்த்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏட்டை நிராகரித்துவிட்டார்கள். இனி வேலைக்கும் வர வேண்டாமாம். உன் கண்ணில் படவில்லையா அறிவு? உண்மையைச் சொல்.

தில்லைநாதன்

கடலூர்
24.6.2010

மாமாவுக்கு,

பட்டது. முதல் நாளே, உலை கொதிப்பதற்குள். அவர் எழுதச் சொன்ன அதே 010ஐத்தான் நானும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். என்னைக் கேட்காமல் எனக்காக நீங்கள் எழுதிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. இந்தப் பத்து மாதமும் அந்தச் சந்தோஷத்தில்தான் எழுந்தேன், சமைத்தேன்.

பயப்படாதீர்கள், நான் எங்கும் போகவில்லை. அத்தை உங்களைத் தேடுகிறார். அறையைக் காலி செய்துவிட்டு வந்து சேருங்கள்.

அந்தப் பக்கத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது. துண்டுக்குப் பின்னால் இன்னும் எத்தனை எழுத்து பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்து, ஆறு பக்கத்தில் முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். வந்ததும் கேட்பீர்கள். தர மாட்டேன்.

அறிவுமதி