மூணு தடவை கூப்பிட்டாதான் திரும்புறாரா?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்.

பாங்க் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து, அது என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் உளறிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டரும் வக்கீலும் தாங்கள் செய்வதைத் தங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி சொல்வார்கள், என் பெண் அதை நமக்கும் புரிகிற மாதிரி எழுதித் தருவாள் என்று எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னால், "இதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார். இப்போது கேள், அந்த வேலையை நானே ஒரு தடவை செய்துவிட்டேன். முகத்தைச் சுளிக்காதே.

நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் காது பரிசோதனை செய்கிற டாக்டரம்மா ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். தங்கமான பெண், ஆனால் நாள் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் வாசலில் மாட்டிய பலகையால் வந்த வினை. "உணர்நரம்புசார் செவித்திறன் குறைபாட்டுக்கான ஒலியளவை மதிப்பீடு" என்று எழுதியிருந்தால் யார் உள்ளே போவார்கள், ஏதோ தீராத வியாதி என்று எல்லோரும் ஒதுங்கி நடந்தார்கள். எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்பேன் என்று நீ சொல்வாயே, அதேபோல நானும் கேட்டேன். உங்களிடம் வருகிறவர்கள் வீட்டில் எப்படி இருப்பார்கள் என்றேன். அவர் சொல்லச் சொல்ல உன் அப்பாவே என் எதிரில் வந்து நின்றார். டிவியை அலறவிடுவது, ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொல்வது, கடைசியில் "நீதான் முணுமுணுக்குற" என்று என் தலையிலேயே பழியைப் போடுவது, ஒன்று பாக்கியில்லை. அப்புறம் என் கை சும்மா இருக்குமா? "மூணு தடவை கூப்பிட்டாதான் திரும்புறாரா? நீங்க முணுமுணுக்கறதா சொல்றாரா? கூட்டிட்டு வாங்க. அரை மணி நேரம்தான், வலிக்காது" என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுநாளே பலகையை மாற்றிவிட்டார்.

மாத்திரை வாங்கப் போன உன் அப்பா அதைப் படித்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "போர்டு மாட்டி என் மானத்தையே வாங்கிட்டியே" என்று குதித்தார். அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "என்ன?" என்றார். மறுபடி கேட்டேன். "என்ன?" என்றார். மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்தவர், மெதுவாகச் சொன்னார். "பொண்ணு போன்ல பேசுனா ஒண்ணுமே வெளங்கல. தப்புத் தப்பா பதில் சொல்லிடுவேனோன்னுதான் உன் கையில குடுத்துடுறேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாங்க் வேலையை விட்ட கோபத்தில்தான் அப்பா பேசுவதில்லை என்று நீ ஒரு வருஷமாக அழுதாய், நானும் சும்மா இராமல் ஆமாம், அவருக்கு அழுத்தம் ஜாஸ்தி என்று தூபம் போட்டேன். மன்னித்துவிடு கண்ணு.

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். இப்போது இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது, என் சுதந்திரம்தான் போயிற்று. அடுப்படியில் நின்று வாய்க்குள் திட்டினால்கூட, "கேக்குது" என்று ஹாலிலிருந்து குரல் வருகிறது. டாக்டரம்மாவிடம் மனைவிமார்கள் புருஷன்களை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். மாடியில் இருக்கிற பல் டாக்டரும் தன் பலகையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், உன்னிடம் அனுப்பட்டுமா, இல்லை நானே கைவைக்கட்டுமா?

எங்கிருந்தாலும் உன் வாக்கும் வாழ்வும் தெளிவாக இருக்க எங்கள் ஆசிகள். ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவே உனக்கு போன் செய்வார், பழக்கதோஷத்தில் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் குறும்புக்கார அம்மா