கேட்காமலே கிடைத்தது

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க மன்றாடுகிறோம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வரி ஏறியும் இறங்கியும் போகும், பொறுத்துக்கொள். ஆனாலும் இது முழுக்க என் கையால் எழுதியது தாயி! முதியோர் வகுப்பில் சொல்லித்தரும் நம் ஷம்சாத், விலாசத்தை மட்டும் இங்கிலீஷில் எழுதித் தந்தாள். சந்தோஷத்தில் இரண்டு தாளை அழுத்திக் கிழித்துவிட்டேன்.

ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிய பிறகு நீ என்னிடம் ஒரு தடவைதான் பேசினாய். இனிமே எனக்குப் பிள்ளை வேண்டாம்ப்பா, என்னால முடியாது என்று அழுதாய். எனக்கு வாய் வரவில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது, அதன் பிறகு போன் அம்மாவுக்கு மட்டும்தான் வருகிறது. கோபம் இல்லை மகளே. வேளாங்கண்ணியில் மொட்டை, நம் கோயிலில் ஞானஸ்நானம், என் அம்மா பேர் என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்து வைத்திருந்தேன். பிள்ளை பிறந்தால் நடந்தே வருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்தும் இருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆண்டவர் சித்தம் என்றார்கள். உங்க வீட்ல நடந்தாலும் இப்படித்தான் சொல்லுவீங்களா என்று அம்மா கேட்டுவிட்டாள். எனக்கும் அந்தச் சித்தம் என்ற வார்த்தையைச் சொல்ல மனசு வரவில்லை. பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்று வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வேன்.

ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நம் ஊர்க்காரர்கள் நடைப்பயணம் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். வருஷா வருஷம் அவர்களோடு நடந்து போகும் பக்கத்து வீட்டு அமிர்தலிங்கம், ஏண்ணே, கேட்டதுதான் கிடைக்கலையே, நீ எதுக்கு நடக்கிறே என்றான். மாதாவோடு சண்டை போடத்தான் என்றேன், நிஜமாகவே அதுதான் நினைப்பு. அப்ப செருப்பைப் போட்டுக்க, சண்டைக்கு எவனாச்சும் வெறுங்காலோட போவானா என்றான். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன். திருவாரூர் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தலில் என் கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, ரத்தம் நிக்காம உசுருக்குப் போராடிச்சே மதி, இப்ப எழுந்து நடமாடுதா என்று கேட்டான். நடமாடுது, வேலைக்குக்கூடப் போகுது என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அத்தனை மாதமும் பிள்ளையைக் கொடு என்றுதான் கேட்டேன், உன்னைக் காப்பாற்று என்று ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவே இல்லை. கேட்காமலே ஆண்டவர் உன்னைக் கொடுத்திருக்கிறார். குழந்தை ஏன் போனது என்று எனக்குத் தெரியாது, நல்லதற்குத்தான் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் எதைக் கேட்பது என்றே தெரியாத நானா அவருக்கு வழி சொன்னேன்? மாதா முன்னால் சண்டையும் வரவில்லை, வேண்டுதலும் வரவில்லை. உன் பேரை மட்டும் சொல்லி அழுதேன். ஞாயிறு பூசையில் அந்த இடம் வந்ததும் மெதுவாகச் சொன்னேன். அம்மாவால் இன்னும் அதைச் சொல்ல முடியவில்லை, நான் வற்புறுத்தவில்லை.

இனிப் பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பதை நீயும் மாப்பிள்ளையும் ஆண்டவரிடம் பேசிக்கொள்ளுங்கள். எனக்காக ஒன்றும் பெற்றுத் தர வேண்டாம், நீ இருக்கிறாய், போதும். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. இங்கிருந்தே உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போடுகிறேன். அம்மாவோடு பேசும்போது அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல். மனசு வராவிட்டாலும் பரவாயில்லை, ஆண்டவருக்குச் சித்தமானால் அடுத்த வாரமும் எழுதுவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
தைரியநாதன்