பெனிட்டாவின் இடது பக்கம்

10.6.91, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. அதே நாற்காலி, அதே நீலப் புடவை, அதே ஹெட்மாஸ்டர். மூன்றில் எது முதலில் கிழியும் என்று பந்தயம் கட்டலாம். நரசிம்மன் சார் லீவில் இன்னொரு சுற்று பெருத்திருக்கிறார். பிரேயரில் அரை மணி நேரம் பேசினார். புது முகம் யாரைப் பார்த்தாலும் தன்னிடம் வந்து சொல்ல வேண்டுமாம். போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் ஆளாளுக்குத் துப்பறிகிறார்கள். வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் வளையல் விற்க வந்தவனையே உட்கார வைத்து விசாரித்தார்களாம். வளையலை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்களாம்.

12.6.91

சார் சொன்ன புது முகம் என் வகுப்புக்கே வந்துவிட்டது. சிலோன்காரப் பெண், பெனிட்டா, பத்து வயசு. அம்மா சகாயமேரி. போன வருஷம் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். மாதா கோயில் காம்பவுண்டில் ஓர் அறை. அம்மா ரைஸ்மில்லில் நெல் காயப்போடுகிறாள்.

"நாலாம் வகுப்பில சேர்க்கோணும் டீச்சர்."

புத்தகத்தைக் கொடுத்தேன். ஓர் எழுத்து படிக்கவில்லை. சரி, உன் பெயரையாவது எழுது என்றேன். போர்டில் ஜாங்கிரி பிழிந்தாள். வரிசையாக, சுற்றிச் சுற்றி, கோடு போட்டது மாதிரி நேராக.

சிங்களமாம், அம்மாதான் சொன்னாள். "நாங்கள் முந்தி நீர்கொழும்புப் பக்கம் டீச்சர். வீட்டில தமிழ்தான் கதைக்கிறம். பள்ளிக்கூடம் மட்டும் சிங்களம். அங்க எங்கட ஆக்கள் கனபேர் அப்படித்தான்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "தமிழங்களுக்கு தமிழ் எழுத வராதாம். இத நான் நம்பணுமாம்."

இவருடைய மகன் ஹேமந்த் காஞ்சிபுரம் கான்வென்டில் படிக்கிறான். தாத்தாவுக்குத் தமிழில் ஒரு கார்டு எழுத வராது. அதை எங்களிடம் பெருமையாகச் சொல்வார். அவனுக்கு வரவில்லை என்றால் நாகரிகம், இவளுக்கு வரவில்லை என்றால் சந்தேகம்.

கடைசியில் தீர்ப்பு: "காலாண்டுப் பரீட்சைக்குள்ள தமிழ்ல ஒரு பக்கம் எழுதட்டும். பேர் ஏத்தறேன். அதுவரைக்கும் சும்மா உக்காந்துட்டு போவட்டும். எழுதலன்னா, வரவேணாம்னு சொல்லிடுவேன்."

பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் சத்துணவும் இல்லை. மனசுக்குள் எட்டு பதில் இருந்தது. வாயில் வந்தது "சரிங்க சார்".

13.6.91

வீட்டில் நரசிம்மன் சார் மாதிரி நடந்து காட்டினேன், தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு. என் வீட்டுக்காரர் முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இன்னா வாய் உனக்கு. ஆனா வூட்ல மட்டும்தான் வேலை செய்யுது" என்றார். அவருக்கு ரசம் ஊற்றவில்லை.

24.6.91

பத்து நாள் அவளை ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுத உட்கார வைத்தேன். மூக்கொழுகும் வாண்டுகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சே நின்றுவிட்டது. இன்று பார்த்தால் நோட்டில் பக்கம் பக்கமாக ஜாங்கிரி.

திட்டியிருக்க வேண்டும். சோம்பல். நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு தொண்டை. "சரி, உனக்குத் தெரிஞ்ச எழுத்துலயே எழுது. பள்ளிக்கூடத்துல நடக்கிறத தினம் இடது பக்கம் எழுது. அப்புறம் அத எனக்கு வாயால சொல்லு. சொன்னத வலது பக்கம் தமிழ்ல எழுதப் பழகலாம்" என்றேன்.

பயிற்சிப் பள்ளியில் இப்படி யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே சொல்லித் தந்தது சார்ட்டு ஒட்ட.

27.6.91, வியாழன்

முட்டை நாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும். பெனிட்டாவுக்குக் கிடையாது. சமையல்கட்டுச் சுவரோரம் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

வழக்கம் போல் முட்டை பத்தவில்லை. கடைசி வரிசைகளுக்கு ஆளுக்குப் பாதி. சமையல் செய்யும் கங்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கோழிங்க ஸ்டிரைக்கு" என்றார் சார். எல்லா டீச்சரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தது நான்.

சாயங்காலம் சார் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே போனார், பள்ளம் மேடு பார்த்து. ஹாண்டில்பாரில் தொங்கிய மஞ்சள் பைக்கு அவ்வளவு மரியாதை.

8.7.91

ஜாங்கிரிப் பக்கம் பத்து நிமிஷத்தில் நிறைகிறது. வலது பக்கத்தில் இரண்டு வரிக்கே அவளுக்கு மூக்கு வியர்க்கிறது. ஆனால் வருகிறது. வாண்டுகளோடு பத்து நாளில் வராதது இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. முதல் வரி: "மழை வந்தது. மணி அடித்தது."

இன்று ஒரு கேள்வி கேட்டாள். "இந்த 'க'வுக்கு எத்தினை சத்தம் டீச்சர்? அங்க ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு எழுத்து. இங்க ஒரே எழுத்துதான் எல்லாத்துக்கும் ஓடித் திரியுது."

"நாங்க சிக்கனம்" என்றேன். இருபத்திரண்டு வருஷமாய் 'க' சொல்லிக் கொடுக்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

சில நாள் வலது பக்கத்தைக் காலியாக விடுகிறாள். கேட்டால் "பிறகு எழுதுறன் டீச்சர்." அவசரமில்லை என்று விட்டுவிட்டேன்.

9.8.91, வெள்ளி

அடுப்பைக்கூட இன்னும் பத்தவைக்கல. எழுதிடறேன்.

மத்தியானம் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜை மேல பெனிட்டாவோட நோட்டு. செத்த எலியத் தூக்கற மாதிரி ஒரு மூலையப் பிடிச்சுத் தூக்கினார். "அம்சவல்லி டீச்சர், இது இன்னா? ரகசிய பாஷையா?" பக்கத்துல கான்ஸ்டபிள் அப்பாவு. சொல்லி அனுப்பி வரவழைச்சிருக்கார்.

சார், யாருக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தாங்களோ அவங்க எழுத்து சார் இது. இதுல எவன் சதி எழுதுவான்? — இதச் சொல்லியிருக்கணும். சொன்னேனா? "பிள்ளைக்குத் தெரிஞ்ச எழுத்துங்க சார்"னு முனகினேன். எனக்கே கேக்கல.

அப்பாவு நோட்டைத் தலைகீழாப் பிடிச்சுப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "படம் வரைஞ்சாப்ல கீது சார்."

மில்லுலேர்ந்து சகாயமேரியக் கூட்டி வந்தாங்க. தலையெல்லாம் உமி. "எங்களக் கேம்புக்கு அனுப்பிடாதேங்கோ ஐயா." அத மட்டுமே திருப்பித் திருப்பிச் சொன்னா.

சார் நேத்துப் பக்கத்தைத் திறந்தார். வலது பக்கம் காலி. அதுதான் அவருக்குச் சந்தேகம். "படி. தமிழ்ல சொல்லு."

மேஜை ஓரமா நின்ன பெனிட்டா வரிக்குக் கீழ விரல வெச்சா. நிதானமாப் படிச்சா. "எங்கள் பெரிய சார் நல்லவர். முட்டை நாளில் அவரே வந்து நின்று பார்ப்பார். எல்லாருக்கும் கிடைத்த பிறகுதான் வீட்டுக்குப் போவார். அம்சவல்லி டீச்சர் அன்பானவர்."

சார் முகம் எண்ணெய்ல போட்ட போண்டா மாதிரி உப்பிச்சு. அப்பாவு தொப்பிய எடுத்துக்கிட்டார். "நல்ல பொண்ணு சார். இதுக்கா வரச் சொன்னீங்க?"

"இத அப்படியே தமிழ்ல எழுதிக் குடு பாப்பா. அந்த ஒரு பக்கம் போதும், பேர் ஏத்தறேன்" என்றார் சார்.

12.8.91

எழுதிக் கொடுத்துவிட்டாள், தனித்தாளில். பதிவேட்டில் நாற்பத்தாறாவது பெயர்: பெனிட்டா. சகாயமேரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கத் தகுந்த கையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறார் சார். போகிறபோது ஒரு தடவை, வருகிறபோது ஒரு தடவை படிக்கிறார். இந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் எதையும் இவ்வளவு கவனமாய்ப் படித்து நான் பார்த்ததில்லை.

22.8.91

பெனிட்டாவுக்கு இப்போது சாப்பாடு உண்டு. முட்டை பாதி.

17.9.91, செவ்வாய்

காலாண்டு முடிந்தது. பெனிட்டாவுக்குத் தமிழில் நாற்பத்தொன்று. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காரும் இசைவாணிக்கு முப்பத்தாறு.

நோட்டைத் திருத்த வைத்துவிட்டுப் போயிருந்தாள். காலியாகக் கிடந்த வலது பக்கங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. ஆகஸ்ட் எட்டாம் தேதிப் பக்கத்தை எடுத்தேன், போலீஸ் முன்னால் படித்த அதே பக்கம். அப்படியே காப்பி எடுத்து எழுதுகிறேன்:

"இன்று முட்டை நாள். நாலு தட்டு முட்டை வந்தது. ஒரு தட்டு பெரிய சாரின் மஞ்சள் பைக்குள் போனது. கங்கா அக்கா அழுதார். டீச்சர் பார்த்தார். டீச்சருக்கு எல்லாரையும் பார்த்தால் சிரிப்பு வரும். பெரிய சாரைப் பார்த்தால் மட்டும் பயம் வரும்."

மூணு தடவை படிச்சேன்.

கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னைக்கு வேற படிச்சியே?"

"ஓம் டீச்சர். அவங்களுக்கு வாசிக்கத் தெரியாதுதானே."

"அப்ப இத ஏன் தமிழ்ல எழுதின?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே."

மதிப்பெண் போடாம நோட்ட மூடி வெச்சுட்டேன். ஊரையே கிண்டல் பண்ற அம்சவல்லிய ஒரு பத்து வயசு நாலே வார்த்தையில — போதும்.

19.9.91, வியாழன்

முட்டை நாள். மணி அடிக்கும் முன்பே சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன்.

சார் மஞ்சள் பையோடு வந்தார். "இன்னா டீச்சர், இங்க?"

"நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கே சார். முட்டை நாள்ல நீங்களே வந்து நின்னு பாப்பீங்கன்னு. அதான் நானும் கூட நிக்கலாம்னு." குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது. பரவாயில்லை, வெளியே வந்ததே.

கங்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகளும் பார்த்தார்கள். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலூர்ப் பக்கம் எங்கேயாவது மாற்றல் வரும், வரட்டும். பையை நாலாய் மடித்துக் கைக்குட்டை மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசிப் பிள்ளை வரை நின்றார்.

எல்லாருக்கும் முழு முட்டை. இரண்டு மீதி.

பெனிட்டா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நோட்டைத் திறந்தாள். இடது பக்கம் மளமளவென்று நிறைந்தது. எட்டிப் பார்த்தேன். ஜாங்கிரி ஜாங்கிரியாய் இருந்தது. நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

வலது பக்கத்தை இன்னும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.