சப்டைட்டிலுக்கு மேல் ஒட்டிய கறுப்பு டேப்

பெரியப்பா,

இன்று காலை நம் பழைய டிவியை எடுத்துப்போக எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் வந்தார்கள். புது டிவியின் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பழசை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார் ஒருவர். திரையின் அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது, டிஸ்ப்ளே புட்டுக்கிச்சா? மூடி மறைச்சித் தள்ளி உடறீங்களா?"

"டிஸ்ப்ளே சூப்பரா கீதுண்ணா. அது எங்க பெரிப்பா ஒட்னது."

"இன்னாத்துக்கு?"

அதை ஒரு வரியில் சொல்ல முடியுமா? முனையைக் கிள்ளி இழுத்தேன். டேப் நீளமாக உரிந்து வந்தது, கூடவே வாசனையும். ரப்பரும் டீசலும் கிரீஸும் கலந்த உங்கள் டூல் பாக்ஸ் வாசனை. மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "யப்பா, இந்தப் பொண்ணு டேப்ப மோந்து பாக்குதுபா" என்று அவர் தன் கூட்டாளியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. கேட்டால் கேட்கட்டும்!

முதலில் ஒரு விஷயம். நேரில் உங்களை "நீ, வா, போ" என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் "நீங்கள்" வருகிறது. ஆள் இருக்கும்போது வராத மரியாதை, ஆள் போன பிறகு வந்து நிற்கிறது. சிரிக்காதீர்கள்.

நீங்கள் லாரியை விட்டு இறங்கியபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். கொல்கத்தா ரோட்டில் இருபது வருஷம் ஓட்டிய முதுகு, இனி முடியாது என்று சொல்லிவிட்டது. வீட்டோடு வந்து சேர்ந்தீர்கள். முதுகுவலியைத் தவிர நீங்கள் கொண்டுவந்த ஒரே சொத்து இந்தி. புதுவாயலில் நம் தெருவிலேயே இந்தி தெரிந்த ஒரே தமிழன் நீங்கள்தான் என்று பெரியம்மா கறிக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை இந்திப்படம். மதியம் கோழிக்குழம்பு முடிந்ததும் இரண்டு மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் ஆஜர். நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை மடித்துப்போட்டு உட்காருவீர்கள். கீழே பெரியம்மா, அம்மா, நான். படம் ஓட ஓட நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். சீன் மாறும்போதெல்லாம் உங்கள் இடது கை தானாக இல்லாத கியரைப் பிடித்து மாற்றும். பாட்டு வந்தால் மட்டும் ஓய்வு. "பாட்டுக்கு இன்னா அர்த்தம் சொல்றது? சந்தோசமா கீறாங்க, அவ்ளோதான்" என்று டீயைக் கையில் எடுத்துக்கொள்வீர்கள்.

என்ன ஒரு வர்ணனை! கோர்ட்டில் நீதிபதி நீளமாகத் தீர்ப்பு வாசிப்பார். நீங்கள் ஒரே வரியில் முடிப்பீர்கள்: "பேப்பரெல்லாம் கரெக்டா கீது, வண்டிய உடுன்றாரு." ஆஸ்பத்திரியில் அம்மா படுத்திருக்க, மகன் கதறுவான். "டயரு போச்சி, ஸ்டெப்னியும் இல்லன்றான் பாவம்" என்பீர்கள். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுது குலுங்குவாள். பணக்கார அப்பா ஹீரோயினின் காதலைத் தடுத்தால், "ரோடு பிளாக் ஆய்டுச்சி நைனா, சுத்திக்கினுதான் போவணும்." காதலுக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இன்றுவரை எங்கேயும் கேட்டதில்லை. நான் உங்களை "பெரியப்பா டக்கரு" என்று கூப்பிட்டது கிண்டலுக்குத்தான். பாதி கிண்டலுக்கு.

ஸ்மார்ட் டிவி வந்ததும் நமக்குள் போர் மூண்டது. என் போனையே ரிமோட்டாக மாற்றலாம் என்று கண்டுபிடித்த அன்று, சமையலறையில் நின்றுகொண்டு நீங்கள் பார்த்த சேனலை மாற்றிக்கொண்டே இருந்தேன். இந்தி சீரியலில் மாமியார் முகத்துக்கு கேமரா மூன்று முறை பாய்ந்துபோகும் நேரம் பார்த்து மாற்றுவதுதான் சுகம். நீங்கள் டிவியின் தலையில் இரண்டு தட்டு தட்டி, "இஞ்சின் சூடாயிடுச்சி போல, கொஞ்ச நேரம் ஆறப் போடு" என்று அணைத்துவிட்டீர்கள். ரிமோட்டில் மைக் இருக்கிறது, பேசினால் தேடும் என்று சொல்லிக்கொடுத்தேன். அதில் வாய் வைத்து, ஹைவேயில் யாரையோ கூப்பிடுவதுபோல் இந்தியில் கத்தினீர்கள். டிவி லாரி ரிவர்ஸ் எடுக்கும் வீடியோக்களாக வரிசை கட்டியது. "பாத்தியா, டிவிக்கே என் இந்தி புரியுது!" அன்றைக்கு நீங்கள் அடித்துக்கொண்ட பெருமையில் ஃபேன் வேகமாகச் சுற்றியது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிறு, படம் போடுவதற்கு முன் செட்டிங்ஸில் நோண்டி, தமிழ் சப்டைட்டிலைப் போட்டுவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. படத்தில் ஓர் அம்மா, வீட்டைவிட்டு ஓடிப்போன மகன் திரும்பி வந்து வாசலில் நிற்பதைப் பார்க்கிறாள். நீங்கள் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தீர்கள்: "பஞ்சர் போட எவ்ளோ நேரம் ஆவும்னு கேக்கறா."

பெரியம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அன்று படித்தாள். "‘உன்னை… மன்னி…ச்சுட்டேன்’னு போட்டுக்கீது. நீ இன்னாயா பஞ்சர்ன்ற?"

நான் சிரித்த சிரிப்பு, ஹைவே வந்து சேரும் கூட்ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அம்மாவும் சிரித்தாள். நீங்களும்தான் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனீர்கள். திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தபோது, நேற்றுதான் கழுவிய பைக்கை மறுபடி கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த ஞாயிறு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், வாயைத் திறக்கவில்லை. "சொல்லு பெரிப்பா" என்றேன்.

"எழுத்து வருதே பாப்பா. படிச்சிக்கோங்க."

அவ்வளவுதான். அடுத்த வாரம் சப்டைட்டிலை எடுத்துவிட்டேன். பிரயோஜனமில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சி, இன்னும் இன்னாத்துக்கு பேஜாரு?" என்றீர்கள். உங்களுக்குத் தெரிந்த இந்தி என்பது செக்போஸ்ட், டயர் கடை, தாபா, இவ்வளவுதான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டதாம். எங்களுக்கு அதைத் தவிர வேறு எந்த இந்தியும் வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும் வாய் என்றால் எனக்கு எட்டு ஊர் நீளம்.

வேறு வழியில்லாமல் சப்டைட்டிலை மறுபடி போட்டேன். அது எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னது. ஆனால் பெரியம்மா முதல் வரியை முடிப்பதற்குள் மூன்றாவது வரி வந்து போய்விடும். பத்து நிமிஷத்தில் தலையணையைத் தேடுவாள். அம்மா போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பாள். ஹீரோ செத்தாலும் ஒருவரும் அழுவதில்லை. சப்டைட்டில் இல்லை அது, சப்பை டைட்டில். குறும்பு செய்து அதில் ஜெயித்துவிட்டு அழுகை வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

உங்களைத் திரும்பப் பேச வைக்கவேண்டும். கெஞ்சினால் நடக்காது. சீண்டினால்?

ஒரு ஞாயிறு சப்டைட்டிலை அணைத்துவிட்டு, மாடி ரூமில் குடியிருந்த சந்தனைப் போய்க் கூப்பிட்டேன். பீகாரிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "அண்ணா, எங்க ஊட்ல இந்திப்படம். நீதான் தமிழ்ல அர்த்தம் சொல்லணும்" என்றேன். சந்தன் தலைவாரிக்கொண்டு, சட்டையை இன் பண்ணிக்கொண்டு இறங்கி வந்தார். நீங்கள் வாசலில் பேப்பரை விரித்துக்கொண்டு, காது கேட்காதவர் போல் உட்கார்ந்திருந்தீர்கள்.

சந்தனுக்கு வந்த தமிழ் முழுக்க அவருடைய சூப்பர்வைசரிடமிருந்து வந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது, சத்தியமாக.

ஸ்டேஷனில் மழை. ஹீரோ ஹீரோயின் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். சந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு பேர் சேர்ந்து தூக்கு, சொல்றான்" என்றார்.

"எதத் தூக்கறது?" என்றாள் பெரியம்மா.

"லைஃப். லைஃப் ரொம்ப வெயிட். தனியா தூக்காதே, ரெண்டு பேர் தூக்கு."

அம்மா போனைக் கீழே வைத்தாள். ஹீரோயின் கையை உதறிக்கொண்டு நகர்ந்தாள். "பொண்ணு சொல்றான், ‘கிட்டே வராதே, டேஞ்சர்.’" பிறகு அவள் அழுதாள். சந்தன் ரொம்ப யோசித்து, "‘ஷிஃப்ட் முடிஞ்சுது. நாளைக்கு நான் வரமாட்டான்’" என்றார்.

வாசலில் பேப்பர் கசங்கும் சத்தம் கேட்டது. "டேய் தம்பி, நிறுத்துடா! ஷிஃப்ட்டாம் ஷிஃப்ட்டு. ஒரு பொண்ணு அழுவுது, ஷிஃப்ட்டுன்றான்!" நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை மடித்து உட்கார்ந்தீர்கள். இடது கை கியருக்குப் போனது. எனக்கு உள்ளுக்குள் விசில் பறந்தது.

"அவ இன்னா சொல்றான்னா… ‘நீ லோடு ஏத்திக்கினு கெளம்பிடுவ. நீ திரும்பி வர்ற வரிக்கும் நான் ரோட்டயே பாத்துக்கினு குந்தியிருக்கணுமா?’ன்றா. அதுக்கு அவன், ‘எவ்ளோ தூரம் போனாலும் வண்டி இங்கதான் வரும், வேற எங்கயும் போவாது’ன்றான்."

பெரியம்மா டிவியைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்போன் இல்லாத காலத்தில், நீங்கள் கொல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப் போனால் பதினைந்து நாளைக்குச் சேதி கிடையாதாம். கூட்ரோட்டில் உங்கள் ஹாரன் மூன்று தடவை கேட்டால்தான் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தமாம். சத்தம் கேட்டதும் உலை வைப்பாளாம். இதையெல்லாம் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதற்கு நீங்கள் ஒரு தடவையாவது பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெரியம்மா சந்தனிடம் திரும்பினாள். "இவரு சொல்றது கரெக்டாபா?"

போச்சு என்று நினைத்தேன். நம் வீட்டில் உண்மையான இந்தி தெரிந்த ஒரே ஆள் அவர். நீங்கள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, கியர் மட்டும் நியூட்ரலில் நின்றது. சந்தன் உங்களைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தி, "அங்கிள் சரக்கு கியூசி ஓகே" என்றார். கம்பெனியில் குறையில்லாத கம்பிக்குச் சொல்லும் வார்த்தையாம் அது.

அடுத்த ஞாயிறு சப்டைட்டில் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் எவ்வளவு நோண்டியும் போகவில்லை. இதை மட்டும் நான் செய்யவில்லை, நம்புங்கள். நீங்கள் எழுந்துபோய் டூல் பாக்ஸைத் திறந்தீர்கள். வயர் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து, டிவியின் அடியில் ஒரே இழுப்பாக ஒட்டி, எழுத்து வரும் இடம் முழுக்க மறைத்துவிட்டீர்கள். நான் குனிந்து ஓரத்தில் எட்டிப் பார்த்தேன். தலையில் ஒரு குட்டு.

"கீழ பாக்காத பாப்பா, ரோட்டப் பாரு."

பிறகு எத்தனை ஞாயிறு! சந்தனும் பங்காளி ஆகிவிட்டார். சண்டைக் காட்சிகள் அவருக்கு, அழுகைக் காட்சிகள் உங்களுக்கு. நீங்கள் செய்ததை மொழிபெயர்ப்பு என்று எப்படிச் சொல்வது? மொழியைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் நம் வீட்டு வாழைக்கன்றை நட்டீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போனீர்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு ஞாயிறு இரண்டு மணிக்கு டிவியை யாரும் போடவில்லை. பெரியம்மா அந்த நேரத்துக்குத்தான் துணி மடிக்க உட்காருவாள்.

இன்று சாப்பிட்டு முடித்ததும் அவளே சொன்னாள்: "புது டிவி வந்துக்கீதே. ஒரு இந்திப்படம் போடேன்." நான் மாடிக்கு ஒரு குரல் கொடுத்தேன், சந்தன் இறங்கி வந்தார். படம் ஆரம்பித்தது. எத்தனை பெரிய திரை, எத்தனை பளிச்சென்ற எழுத்து! கேட்காமலே தமிழில் வந்து விழுந்தது. பெரியம்மா படிக்க முயற்சிக்கவே இல்லை. காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

உங்கள் டூல் பாக்ஸில் அந்த டேப் ரோல் இருந்தது. முனையைக் கிள்ளி, புது டிவியின் அடியில் ஒட்ட ஆரம்பித்தேன். "அய்யோ, புது டிவியாச்சேடி!" என்று அம்மா அலறினாள். முக்கால்வாசி போனதும் ரோல் தீர்ந்துவிட்டது. வலது பக்கம் ஒரு சாண் அளவுக்கு மூடாமல் நின்றது.

நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்தேன். திரையில் ஒரு வயதான அம்மா, தெருமுனையைப் பார்த்தபடி யாருடைய பெயரையோ கூப்பிட்டாள். டேப் மூடாத அந்த ஒரு சாண் இடத்தில் வரியின் கடைசி வார்த்தை மட்டும் தெரிந்தது: "வந்துவிடு."

படித்தேன். சொல்லவில்லை.

"வண்டி கொஞ்சம் லேட்டாம் பெரிம்மா."

சந்தன் கட்டைவிரலை உயர்த்தினார். பெரியம்மா திரையைவிட்டுக் கண் எடுக்காமல் தலையசைத்தாள்.

"வரட்டும். கூட்ரோடாண்ட வந்தா ஹாரன் அடிப்பாரு."

என் இடது கை தானாகப் போய் கியரை மாற்றியது.