காவல் புரோகிராமும் ஒரு மிஸ்டு காலும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மழுப்பாமல் எழுதுங்கள்.

காது கேட்காததால் போனில் பேச்சே வேண்டாம் என்கிறீர்கள். அதனால் ஆபீஸ் கதையையும் எழுதியே சொல்கிறேன். எங்கள் ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டரான சர்வருக்குள் கண்டெய்னர் என்று தனித்தனி அறைகள் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு புரோகிராம் ஓடும். எது திணறுகிறது என்று பார்த்துச் சொல்ல, குட்டியாக ஒரு காவல் புரோகிராம் வைத்தேன். சர்வருக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்று, கோளாறு வந்தால் மட்டும் வாயைத் திறக்கும்படி செய்திருந்தேன். அது மூச்சே காட்டவில்லை. எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நானும் சிவனே என்று இருந்தேன். கடைசியில் பார்த்தால், காவல்காரனே எப்போதோ நின்றுபோயிருந்தான்!

டீம் லீடர் அக்கா திட்டவில்லை, சிரித்தார். "சத்தம் இல்லன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா? அப்பப்போ சும்மாவாவது 'இருக்கேன்'னு சொல்ல வை" என்றார். வைத்துவிட்டேன்.

போன மாதம் உங்கள் கடிதம் வரவில்லை. விசேஷம் ஒன்றுமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் காய்ச்சலில் கிடந்தது அண்ணி சொல்லித்தான் தெரிந்தது.

இனிமேல் காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேச வேண்டாம், நான் எடுக்கவும் மாட்டேன். உடனே போனைக் கீழே வைத்துவிடாதீர்கள், கொஞ்சம் கையிலேயே வைத்திருங்கள். நானும் திருப்பி ஒரு ரிங் கொடுப்பேன். காது கேட்காவிட்டால் என்ன, கையில் அதிரும். நானும் இருக்கிறேன் அப்பா.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்